நண்பருடன் கூட்டுத் தொழில்: போதகர் வேண்டாம் என்கிறார்

கேள்வி: திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். என்னோடு பல வருஷம் வேலை பார்த்த நண்பர் சொந்தமாகப் பவர்டேபிள் (மின் தையல் மெஷின்) யூனிட் போடுகிறார். அவர் இந்து. நல்ல மனிதர், என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி முழுக்கக் கூடவே இருந்தவர். "பாதிப் பணம் போடு, பார்ட்னரா வா" என்கிறார். ஊரில் நிலம் விற்ற 12 லட்சம் கையில் இருக்கிறது. ஷெட் அட்வான்ஸுக்காக 1 லட்சம் கொடுத்தும்விட்டேன்; பத்திரம் இன்னும் எழுதவில்லை. எங்கள் போதகர் 2 கொரிந்தியர் 6:14-ஐக் காட்டி வேண்டாம் என்கிறார். சபையிலேயே ஒரு சகோதரர் பார்ட்னர் தேடுகிறாராம், அவரோடு சேரச் சொல்கிறார். நண்பரோ, "நான் சாமி கும்பிடறதுதான் உனக்குப் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. ஆயுத பூஜை, திறப்பு விழா எல்லாம் பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார். ஆரம்பத்தில் கொஞ்ச காலம் பில் இல்லாமல் ஓட்டித்தான் ஆக வேண்டும், எல்லோரும் அப்படித்தான் என்றும் சொல்கிறார். மனைவி பயப்படுகிறாள். நான் என்ன செய்வது? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

கர்த்தருக்குள் அன்பான சகோதரருக்கு, ஸ்தோத்திரம்.

பார்ட்னராகச் சேர வேண்டாம். இதுதான் என் பதில். ஆனால் உங்கள் போதகரும் நானும் ஒரே இடத்துக்கு வேறு வேறு வழியில் வந்திருக்கிறோம். உங்கள் கடிதத்தை மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் ஆயுத பூஜையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பில் இல்லாமல் ஓட்டுவதைப் பற்றி ஒரே ஒரு வரி. என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிதான் உங்கள் கேள்வியே.

நான் ஆடிட்டர். சபையில் வேதபாட வகுப்பும் எடுப்பதால் இந்த மாதிரிக் கடிதங்கள் என்னிடம் வருகின்றன. முதலில் ஆடிட்டராகவே பேசிவிடுகிறேன். அதைச் சொல்லிவிட்டால் வசனத்துக்கு விளக்கம் சொல்வது பாதி முடிந்த மாதிரி.

நம் நாட்டில் கூட்டுத் தொழிலுக்கு இன்றும் 1932-ஆம் வருஷத்துச் சட்டம்தான். அதில் 18-ஆவது பிரிவு, ஒவ்வொரு பார்ட்னரும் அந்த நிறுவனத்தின் ஏஜென்ட் என்கிறது. 25-ஆவது பிரிவு, நிறுவனம் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் எல்லா பார்ட்னர்களும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு என்கிறது. அதாவது, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போது தொழில் விஷயமாக உங்கள் நண்பர் போடும் கையெழுத்து உங்கள் கையெழுத்து. மெஷின் கடனோ, நூல் கடைப் பாக்கியோ, வங்கி ஓவர்டிராஃப்ட்டோ, எதுவாக இருந்தாலும் சரி. "நான் 12 லட்சம்தானே போட்டேன், போனால் அதோடு போகட்டும்" என்று சொல்ல முடியாது. நிறுவனத்தின் சொத்து போதாவிட்டால் உங்கள் வீடு வரைக்கும் வரலாம். உங்கள் மனைவியின் பயத்தை விசுவாசக் குறைவு என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குச் சம்மதமில்லை. அவர் சரியாகத்தான் பயப்படுகிறார்.

ஜி.எஸ்.டி.யிலும் இதே கதைதான். 90-ஆவது பிரிவின்படி நிறுவனம் கட்டாமல் விட்ட வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றுக்கும் பார்ட்னர்கள் ஒவ்வொருவரும் பொறுப்பு. விலகிப் போனாலும், விலகின தேதியை ஒரு மாதத்துக்குள் கமிஷனருக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால், தெரிவிக்கும் நாள் வரைக்கும் சேரும் பொறுப்பும் உங்கள் தலையில்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் சண்டை எதுவும் இல்லாமல், கணக்கு முடித்து, கை குலுக்கிவிட்டு வெளியே வந்தவர். யாருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. பிற்பாடு, அவர் போன பிறகு நடந்த வியாபாரத்துக்கும் சேர்த்து நோட்டீஸ் அவர் வீட்டுக்கே வந்தது. அவருக்கும் அந்த பார்ட்னருக்கும் ஒரே சபை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருவோம். "கொஞ்ச காலம் பில் இல்லாமல்." வரி ஏய்ப்பு என்ற அளவில் மட்டும் இதைப் பார்த்தால் "அரசாங்கத்துக்குப் போகாத பணம்தானே" என்று மனசு சமாதானம் சொல்லிக்கொள்ளும். ஆனால் பில் இல்லாமல் உள்ளே வரும் பணம் பில் இல்லாமல்தான் வெளியே போக வேண்டும். அது எங்கே போகும்? சனிக்கிழமை சம்பளத்தில் போகும். வரவைக் குறைத்துக் காட்டும் யூனிட் ஆளையும் குறைத்துக் காட்டியே ஆக வேண்டும். 25 பேர் தைக்கும் இடத்தில் ரெஜிஸ்டரில் ஒன்பது பேர் இருப்பார்கள். பத்து பேர் ஆனால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), இருபது ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்ட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஓவர்லாக் தையல் மெஷினில் விரலுக்குள் ஊசி இறங்கிவிட்ட பெண்ணை டூ வீலரில் ஏற்றிப் பக்கத்து கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு, "டாக்டர்கிட்ட வீட்ல குத்திக்கிட்டேன்னு சொல்லும்மா" என்று யார் சொல்வது? பார்ட்னர்களில் ஒருவர் சொல்ல வேண்டும். அன்றைக்கு உங்கள் நண்பர் ஊரில் இல்லாவிட்டால் நீங்கள் சொல்ல வேண்டும். நிறுத்திவைத்த கூலி கூப்பிடுகிறது, அந்தக் கூக்குரல் கர்த்தருடைய செவிக்கு எட்டியது என்று யாக்கோபு 5:4 சொல்கிறதே, அது வயல் வேலைக்காரரைப் பற்றிச் சொன்னது. தையல் யூனிட்டுக்கு அது பொருந்தாது என்று நான் நினைக்கவில்லை.

சரி, வசனத்துக்கு வருகிறேன். "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்று பவுல் எழுதின இடத்தில் கல்யாணம் என்றும் இல்லை, வியாபாரம் என்றும் இல்லை. அடுத்து வரும் வசனங்கள் விக்கிரகத்தையும் தேவனுடைய ஆலயத்தையும் பற்றிப் பேசுகின்றன. கல்யாணத்துக்கு இதைப் பொருத்திச் சொல்வது நம் சபைகளில் பரம்பரை வழக்கம். சரியான வழக்கம் என்றுதான் நானும் நினைக்கிறேன். தொழிலுக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் போதகர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. ஒன்று மட்டும் நிச்சயம். அவிசுவாசிகளோடு கொடுக்கல் வாங்கலே கூடாது என்று பவுல் சொல்லவில்லை. இதே கொரிந்து சபைக்கு முதல் நிருபம் 5:10-இல், அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்குமே என்று எழுதினவர் அவர்தான். அதே கொரிந்துவில் ஆக்கில்லாவோடு சேர்ந்து கூடாரம் செய்து பிழைத்தவரும் அவர்தான். அந்தக் கூடாரங்களை விசுவாசிகள் மட்டும்தான் வாங்கினார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

மாட்டையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டக் கூடாது என்று உபாகமம் 22:10-இல் இருக்கிறது. இரண்டும் ஒரே தொழுவத்தில் நிற்கலாம், ஒரே வண்டிப்பாதையில் போகலாம். பூட்டின பிறகு மட்டும் ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்பியாக வேண்டும். 18, 25 என்று நான் மேலே சொன்ன இரண்டு பிரிவுகளும் செய்வது இந்தப் பூட்டுகிற வேலையைத்தான். அதனால்தான் பார்ட்னர்ஷிப்பை மற்றக் கொடுக்கல் வாங்கலிலிருந்து பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். சரக்கு வாங்குவது, விற்பது, ஒருவரிடம் வேலை பார்ப்பது, ஒருவரை வேலைக்கு வைப்பது, இதிலெல்லாம் வேண்டாம் என்றால் நீங்கள் நின்றுவிடலாம். பார்ட்னர் நிற்க முடியாது.

வேதத்தில் இதற்கு எனக்குத் தெரிந்து யோசபாத்தை விட நல்ல பாடம் இல்லை. யூதாவின் நல்ல ராஜாக்களில் ஒருவர், தேசம் முழுவதும் வேதத்தைப் போதிக்க ஆள் அனுப்பினவர். விக்கிரகங்களைக் கும்பிட்ட இஸ்ரவேலின் ராஜா ஆகாபோடு சம்பந்தம் கலந்தார். தன் மகனுக்கு அந்த வீட்டுப் பெண்ணை எடுத்தார். கீலேயாத்திலுள்ள ராமோத்தின்மேல் யுத்தத்துக்குப் போகலாமா என்று ஆகாப் கேட்டபோது, என் ஜனம் உம்முடைய ஜனம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கர்த்தருடைய வார்த்தையை விசாரிக்கச் சொல்கிறார். முதலில் கையெழுத்து, அப்புறம் ஜெபம். போர்க்களத்தில் என்ன நடந்தது என்று 2 நாளாகமம் 18-ஐ எடுத்துப் படியுங்கள். ஆகாப் மாறுவேஷம் போட்டுக்கொண்டார். யோசபாத்தை ராஜ உடையோடு வரச் சொன்னார். எதிரியின் ரத வீரர்கள் இவரைத்தான் இஸ்ரவேலின் ராஜா என்று நினைத்துச் சூழ்ந்துகொண்டார்கள். கூக்குரலிட்டார், கர்த்தர் காப்பாற்றினார். ஆடிட் வேலையில் நான் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்: திட்டம் போட்டவர் மறைவாக இருப்பார், நல்ல பெயர் உள்ளவர் முன்னால் நிற்பார்.

இதோடு அவர் நிறுத்தவில்லை. ஆகாபின் மகன் அகசியாவோடு சேர்ந்து எசியோன் கேபேரில் கப்பல் கட்டினார், தர்ஷீசுக்கு அனுப்ப. கலப்படமில்லாத வியாபாரக் கூட்டு இது. கப்பல்கள் உடைந்துபோயின. பிறகு அகசியா, என் ஆட்கள் உம்முடைய ஆட்களோடு கப்பலில் போகட்டும் என்று கேட்டபோது யோசபாத் சம்மதிக்கவில்லை என்று 1 இராஜாக்கள் 22:49 சொல்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்றும் இதில் இருக்கிறது. ஆகாப் புறஜாதி ராஜா இல்லை. யாக்கோபின் வம்சம், இஸ்ரவேலின் சிங்காசனம். இன்றைய பேச்சில் சொன்னால், நம் சபை ரெஜிஸ்டரில் பெயர் உள்ள ஆள்.

இதனால்தான் சபையில் பார்ட்னர் தேடும் அந்தச் சகோதரர் விஷயத்தில் எனக்குத் தயக்கம். அவரை எனக்குத் தெரியாது, நல்லவராகவே இருக்கலாம். ஆனால் விசுவாசி என்ற ஒரே தகுதியில் யாரோடும் பத்திரம் எழுத வேண்டாம். கடைசி மூன்று வருஷ வருமான வரி ரிட்டர்ன், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட், கடன் விவரம் எல்லாம் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறார் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. சபைக்குள் சேரும் கூட்டுகளில் நான் அடிக்கடி பார்ப்பது, ஜெபம் பண்ணி ஆரம்பிப்பார்கள், பத்திரம் எழுத மாட்டார்கள். எழுதினாலும் பதிவு செய்ய மாட்டார்கள். பதிவு செய்யாத நிறுவனத்தின் பார்ட்னர், பத்திரத்தில் உள்ள உரிமைக்காக மற்ற பார்ட்னர் மேல் வழக்குப் போடவும் முடியாது. கலைத்துவிட்டுக் கணக்குக் கேட்கலாம், அவ்வளவுதான். "சகோதரர்களுக்குள்ள எதுக்கு பேப்பர்" என்பது பக்தி இல்லை, சோம்பல். போதகரிடம் இதை மரியாதையாகச் சொல்லுங்கள். உங்களைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அவர் பேசுகிறார், அதில் சந்தேகமில்லை. தொழில் கணக்கு அவருக்குப் பழக்கமில்லாத இடம்.

ஆயுத பூஜையைப் பற்றி நீங்கள் அவ்வளவு எழுதினதற்கு ஒரு பதிலாவது சொல்ல வேண்டும். மெஷினுக்குப் பொட்டு வைப்பது, பொரி கடலை, வாசலில் குங்குமம் தடவின பூசணிக்காய் உடைப்பது, எல்லாம் உங்களுக்குப் பார்த்துப் பழகினதுதான். மேனேஜராக நீங்கள் ஓரமாக நின்றுகொள்கிறீர்கள், யாரும் எதுவும் சொல்வதில்லை. முதலாளி ஓரமாக நிற்க முடியாது. தட்டை அவர் கையில்தான் கொடுப்பார்கள், செலவும் அவர் கணக்கில்தான். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் தன் ராஜாவுக்குக் கைத்தாங்கலாக ரிம்மோன் கோவிலுக்குள் போக வேண்டியிருப்பதைச் சொன்னபோது தீர்க்கதரிசி எலிசா திட்டவில்லை, சமாதானத்தோடே போ என்றார். ஆனால் நாகமான் அங்கே ஊழியக்காரன், வேறு வழியில்லாதவன். நீங்களோ வேறு வழி இருக்கும்போதே தெரிந்து போய் அந்த இடத்தில் நிற்கப் பார்க்கிறீர்கள். நாளைக்கு உங்களுக்கே ஒரு யூனிட் வந்தால், வேலைக்காரர்கள் தங்கள் மெஷினுக்குப் பொட்டு வைப்பதைத் தடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். அவர்கள் பண்டிகைக்கு லீவும் போனஸும் குறையாமல் கொடுங்கள். நீங்கள் தட்டைப் பிடிக்க வேண்டாம். இதில் சில போதகர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

"எல்.எல்.பி. (பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) போட்டால்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2008-ஆம் வருஷத்துச் சட்டம் அது. பார்ட்னர் செய்த தப்புக்கு உங்கள் சொந்த வீடு போகாமல் பெரும்பாலும் காப்பாற்றும். உங்கள் பணத்துக்கு அது நல்ல வேலி. ஒன்பது பேர் மட்டும் எழுதின ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும் கைக்கு எந்த வேலியும் அதில் இல்லை.

பின்னே என்ன செய்யலாம்? ஆபிரகாமைப் பாருங்கள். சிறைபிடிக்கப்பட்ட தன் சகோதரன் மகன் லோத்தை மீட்கப் போனபோது அவரோடு வந்த ஆநேர், எஸ்கோல், மம்ரே மூன்று பேரும் எமோரியர்கள், அவரோடு உடன்படிக்கை செய்திருந்தவர்கள். யுத்தம் முடிந்ததும் சோதோமின் ராஜா பொருள்களை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, ஒரு சரட்டையாகிலும் பாதரட்சையின் வாரையாகிலும் எடுத்துக்கொள்ளேன் என்றார் ஆபிரகாம். அதே மூச்சில், அந்த மூன்று பேரும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். தன் பொருத்தனையை அவர்கள் தலையில் கட்டவில்லை. கூட வேலை செய்தார்கள், ஆனால் அவரவர் பங்கு அவரவர் கையில், அவரவர் முடிவு அவரவர் வாயில்.

உங்கள் தொழிலில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது, ஜாப் ஒர்க், அதாவது இன்னொருவர் சரக்கில் கூலிக்கு வேலை செய்து கொடுப்பது. நண்பர் யூனிட் போடட்டும். நீங்கள் உங்கள் பெயரில் சின்னதாக ஒன்று ஆரம்பியுங்கள். செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்றால் 12 லட்சம் முழுவதும்கூட வேண்டாம். பாதியை மனைவி பெயரில் டெபாசிட்டில் போடுங்கள், நிலத்தில் அவருக்கும் பங்கு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பர் தைக்கும் பீஸ் டெலிவரி சலானோடு உங்களிடம் வரட்டும், உங்கள் பில்லோடு திரும்பட்டும். ரேட்டை எழுதிக்கொள்ளுங்கள். பணம் அக்கவுண்டில் மட்டும் வரட்டும். அவர் மற்ற இடங்களில் எப்படி நடந்துகொள்கிறார் என்பது அவர் பாடு. உங்களிடம் வரும் பீஸ் சலானோடு வரும். அவர் பணம் கேட்டு நீங்கள் கடனாகக் கொடுக்க விரும்பினால் கொடுங்கள், ஆனால் பேங்க் வழியாக; 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து மட்டும் வேண்டாம். நீதிமொழிகள் அதை எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒருவேளை அவர் "சரிப்பா, எல்லாமே பில்லோட பண்ணலாம், எல்லாரையும் ரெஜிஸ்டர்ல எழுதலாம், வா" என்று சொன்னால்? சொல்லலாம், உங்கள் மேல் அவ்வளவு பிரியம் இருக்கிறது. அப்போதும் ஒரு வருஷம் ஜாப் ஒர்க்கிலேயே ஓட்டுங்கள். முதல் பெரிய ஆர்டர் லேட்டாகி, பையர் டிஸ்கவுன்ட் கேட்டு, சனிக்கிழமை சம்பளத்துக்குக் காசில்லாமல் போகும் வாரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்திலிருந்து பார்க்க முடியும். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவரும் பார்ப்பார். அதற்குப் பிறகு மறுபடியும் எழுதுங்கள், பேசுவோம். அப்போதும் பூஜைத் தட்டு மிச்சம் இருக்கும், மறந்துவிட வேண்டாம்.

நண்பரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்குக் கஷ்டம். அவர் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். "நீ சாமி கும்பிடறது எனக்குப் பிரச்சினை இல்லை. பூஜைத் தட்டை முதலாளியா நான் பிடிக்க முடியாது, அது ஒண்ணு. பில் இல்லாத கணக்குல என்னால கையெழுத்துப் போட முடியாது, அது ரெண்டாவது. ரெண்டாவதை எங்க சர்ச் ஆளே கேட்டாலும் போட மாட்டேன்." அவிசுவாசி என்ற வார்த்தை உங்கள் வாயில் வர வேண்டாம். "எங்க பாஸ்டர் வேண்டாம்னுட்டார்" என்று போதகரின் பின்னால் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். போனில் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் சொல்லவே சொல்லாதீர்கள். அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், முடிந்தால் மனைவியையும் அழைத்துக்கொண்டு.

அப்புறம் அந்த 1 லட்சம். பத்திரம் எழுதாததால் சட்டப்படி நீங்கள் தப்பிக்கொள்ள முடியும் என்று யாராவது சொல்லலாம். அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். உங்கள் வார்த்தையை நம்பித்தான் அவர் ஷெட் பிடித்திருக்கிறார். ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதவன் என்று 15-ஆம் சங்கீதம் சொல்லும் ஆள் நீங்களாக இருக்க வேண்டிய இடம் இது. வேறு பார்ட்னரோ வேறு பணமோ கிடைக்கும் வரை ஷெட் வாடகையில் உங்கள் பாதியையும் கொடுங்கள். இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பிற்பாடு அவரால் முடிந்தபோது அட்வான்ஸைத் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

விசிட்டிங் கார்டு, லெட்டர் பேட், வெளியே போர்டு எதிலாவது உங்கள் பெயரைப் பார்ட்னர் என்று அச்சடித்துவிட்டாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அச்சடித்திருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். பத்திரம் இல்லாவிட்டாலும், நீங்கள் பார்ட்னர் என்று நம்பிக் கடன் கொடுத்தவருக்கு நீங்கள் பொறுப்பாகிவிடுவீர்கள், 28-ஆவது பிரிவு. கார்டு அச்சடித்த செலவை நீங்களே கொடுத்துவிடுங்கள்.